கிளையை இறக்கும் இரும்பு உருளை: எத்தனை சுற்று, எவ்வளவு எடை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டை ஒட்டி ஒரு பழைய தூங்குமூஞ்சி மரம். அதன் பெரிய வாது ஒன்று ஓட்டுக்கூரைக்கு மேலே நீண்டிருக்கிறது. மரத்தையே எடுத்துவிட முடிவு செய்துவிட்டீர்கள். வெட்ட வருகிறவர், கிளையில் கயிற்றைக் கட்டி, மேலே ஒரு கவட்டையில் போட்டு, அடிமரத்தில் இரண்டு சுற்று சுற்றி ஆள் பிடித்துக்கொண்டால் மெதுவாக இறக்கிவிடலாம் என்கிறார். நீங்கள் போர்ட்டா-ராப் என்ற இரும்பு உருளையைப் படத்தில் பார்த்துவிட்டு, அதை வாங்கிக் கொடுத்தால் பயமில்லாமல் இறக்கலாமா, எத்தனை சுற்று போட வேண்டும், 200 கிலோ கிளையைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், "தூரில் ஒரு பொந்து இருக்கிறது, மழைக்குத் தண்ணீர் நிற்கும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி உருளையைப் பற்றியது. ஆனால் அந்தப் பளு கடைசியில் எதன் மேல் போய் உட்காருகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நான் பதினோரு ஆண்டுகள் சிங்கப்பூரில் மரம் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் சாலையில் குடை விரித்து நிற்கிற மரங்களும் இதே தூங்குமூஞ்சிதான். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் ஊருக்கே வந்துவிட்டேன். கீழே நின்று கயிறு விட்டதுதான் என் வேலையில் பெரும்பகுதி. மேலே ஏறியது அதைவிடக் குறைவு. அதனால் கீழே நிற்பவனின் கண்ணால்தான் எழுதுகிறேன்.

உருளை செய்கிற வேலை உங்கள் ஊருக்குப் புதிதல்ல. முரட்டுக் காளையைப் பிடித்து வருகிறவர், அது திமிறும்போது கையால் இழுத்துப் பார்க்க மாட்டார். கயிற்றைப் பக்கத்து மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். அதன் பிறகு நுனியைச் சின்னப் பையன்கூடப் பிடித்துக்கொள்ளலாம். படகுத்துறையில் கட்டையைச் சுற்றி வடத்தைப் போடுவதும் இதேதான். கயிறு உருண்டையான ஒன்றைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றும் இழுவிசையை ஒரு குறிப்பிட்ட மடங்கு குறைக்கிறது. இதில் கூட்டல் கணக்கு கிடையாது, பெருக்கல்தான். ஒரு சுற்று மூன்றில் ஒரு பங்காக்கினால், இரண்டு சுற்று ஒன்பதில் ஒன்றாக்கும், மூன்று சுற்று இருபத்தேழில் ஒன்றாக்கும். கணித மேதை ஆய்லரும் அவருக்குப் பின் வந்த ஐட்டல்வைன் என்ற ஜெர்மன் பொறியாளரும் எழுதிவைத்த சமன்பாடு இது. உருளை பருமனா ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. ஒல்லியாக இருந்தால் கயிறு கூர்மையாக மடங்கிச் சேதமாகும், அது வேறு விஷயம்.

இதுவரை சொன்னதில் சந்தேகமில்லை. சந்தேகம் வருகிற இடம், அந்த "ஒரு குறிப்பிட்ட மடங்கு" எவ்வளவு என்பது. கயிறு எதனால் ஆனது, உருளை இரும்பா அலுமினியமா, புதுசா தேய்ந்ததா, ஈரமா, மரத்தின் பால் ஒட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். உராய்வுக் கெழுவை 0.15 என்று வைத்தால், 200 கிலோ தொங்கும்போது இரண்டு சுற்றுக்குப் பின் கைக்கு வருவது சுமார் 30 கிலோ. 0.25 என்று வைத்தால் 9 கிலோகூட வராது. மூன்று சுற்றில் முதல் கணக்குக்குச் சுமார் 12 கிலோ, இரண்டாவதற்கு 2 கிலோவுக்கும் குறைவு. அந்த 2 கிலோ நிலையில் நீங்கள் கயிற்றை விட நினைத்தாலும் அது ஓடாமல் நிற்கக்கூடும். ஒரே எடை, ஒரே உருளை, காலையில் ஒரு மாதிரி, தூறல் விழுந்த பிறகு வேறு மாதிரி. "100 கிலோவுக்கு இத்தனை சுற்று" என்று யாராவது அட்டவணை போட்டுக் கொடுத்தால் அதை நம்பி வீட்டுக் கூரையைப் பணயம் வைக்காதீர்கள். அன்றைய கயிறு, அன்றைய உருளையில், சின்னக் கிளையிலிருந்து தொடங்கி, கைக்கு எப்படி வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பெரிய துண்டுக்குப் போவதுதான் நான் கற்ற வழி. பெரும்பாலான துண்டுகளை நான் இரண்டு சுற்றிலோ இரண்டரையிலோ இறக்கியிருக்கிறேன். அது என் கயிற்றின் கணக்கு.

அப்படியானால் அடிமரத்தில் சுற்றுவது தப்பா என்றால், தப்பென்று நான் சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் இறக்கியிருக்கிறார்கள், உங்கள் ஊர்க்காரரும் அந்த அனுபவத்தில்தான் பேசுகிறார். குறை எங்கே என்றால், தூங்குமூஞ்சியின் பட்டை வெடித்து வெடித்து மேடுபள்ளமாக இருக்கும். கயிறு ஓரிடத்தில் கவ்வும், பட்டை பெயர்ந்ததும் சறுக்கும். கவ்வி, சறுக்கி, கவ்வி இறங்கும்போது ஒவ்வொரு கவ்வலும் மேலே ஒரு வெட்டு வெட்டும். பெயர்ந்த பட்டை மண்ணோடு கயிற்று இழைக்குள் போய் உள்ளிருந்தே அறுக்கும். சுற்றைக் கூட்டவோ குறைக்கவோ ஆள் மரத்தைச் சுற்றி ஓட வேண்டும், அதாவது கிளை இறங்குகிற பக்கத்துக்கும் போக வேண்டும். இரும்பு உருளையில் இந்தத் தொல்லைகள் இல்லை. பரப்பு வழவழப்பாக ஒரே சீராக இருக்கும், நின்ற இடத்திலிருந்தே சுற்றை மாற்றலாம், துண்டை நடுவானில் நிறுத்த வேண்டுமானால் பக்கவாட்டு ஆணியில் கயிற்றை மாட்டிப் பூட்டலாம். ஆக, வாங்கிக் கொடுப்பது வீண்செலவு இல்லை.

ஆனால் உருளை கையைக் காப்பாற்றும், கவட்டையைக் காப்பாற்றாது. கிளை ஒரு பக்கம் 200 கிலோவாகத் தொங்குகிறது, மறுபக்கம் கயிறு கிட்டத்தட்ட அதே விசையோடு உருளைக்கு இறங்குகிறது. மேலே கப்பி மாட்டியிருந்தால் அந்தக் கப்பி கட்டிய இடம் இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 400 கிலோவைத் தாங்க வேண்டும். அதுவும் அசையாமல் தொங்கும்போது. கயிறு தளர்வே இல்லாமல் இறுக்கமாக இருந்து, கிளை ஒரு அங்குலம்கூட விழாமல், வெட்டிய நொடியில் பளு முழுசாக வந்து உட்கார்ந்தாலும் கயிற்றில் உச்ச விசை இரண்டு மடங்கு ஆகும். இது இயற்பியல் பாடத்தில் உள்ள கணக்கு, இதில் பேரம் கிடையாது. அப்போது கப்பி கட்டிய இடத்துக்கு 800.

கிளை விழுந்து பிறகு கயிறு இறுகினால் இன்னும் மோசம். மரத்தின் தலையெல்லாம் கழித்த பிறகு நடுத்தண்டைத் துண்டு துண்டாக இறக்கும்போது இதுதான் நடக்கும். கட்டுவதற்கு மேலே ஒன்றும் மிஞ்சியிருக்காது. வெட்டுக்குக் கீழேதான் கப்பி இருக்கும். துண்டு கவிழ்ந்து, கப்பியைத் தாண்டி விழுந்த பிறகுதான் கயிறு பிடிக்கும். 200 கிலோ துண்டு ஒன்றரை மீட்டர் விழுகிறது என்று வையுங்கள். கயிறு விடுபவர் பயந்து இறுக்கிப் பிடித்து 30 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், சராசரி இழுவிசையே ஆறு மடங்கு, 1,200 கிலோ. கப்பி கட்டிய இடத்துக்கு 2,400. அதே துண்டை ஓடவிட்டு 3 மீட்டர் தூரத்தில் மெல்ல மெல்ல நிறுத்தினால் ஒன்றரை மடங்கு, 300 கிலோதான். கப்பிக்கு 600. அதே மரம், அதே கயிறு, அதே உருளை. வித்தியாசம் முழுக்கக் கீழே நிற்பவரின் கையில் இருக்கிறது. 2008இல் பிரிட்டனின் உடல்நலம் மற்றும் பாதுகாப்பு நிர்வாகம் மரத்தைக் கழித்து இறக்கும் முறைகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வறிக்கை வெளியிட்டது. இந்த விசைகளைத்தான் அதில் அலசியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எனக்குக் காகிதத்தில் வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு அங்சானா மரத்தின் தண்டை இறக்கிக்கொண்டிருந்தோம். முந்தின துண்டு கையை இழுத்துக்கொண்டு போனதில் எனக்குப் பயம். அடுத்த துண்டுக்கு யாரையும் கேட்காமல் மூன்று சுற்றுக்கு மேல் போட்டுவிட்டேன். துண்டு விழுந்தது, கயிறு ஓடவே இல்லை, அந்தரத்தில் டக்கென்று நின்றது. தண்டு முழுவதும் வில் மாதிரி வளைந்து திரும்பியது. மேலே இடுப்புக்கயிற்றில் இருந்த அண்ணன் தண்டோடு மோதியதில் இரண்டு விலா எலும்பு முறிந்தது. தண்டு முறியாதது எங்கள் நல்ல காலம். அன்று என் கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் பத்திரமாகப் பிடித்ததாகவே அந்த நொடியில் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அந்த அண்ணன் என்னிடம், "நீ பிடிச்சதுதாண்டா தம்பி பிரச்சனை" என்றார். அதற்குப் பிறகு மேலே இருப்பவரைக் கேட்காமல் நான் ஒரு சுற்றைக் கூட்டியதோ குறைத்ததோ கிடையாது.

அதற்காக எப்போதும் ஓடவிட வேண்டும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓடவிட இடம் வேண்டும். உங்கள் வாது கூரைக்கு இரண்டு மீட்டர் மேலே இருக்கிறது என்றால் ஓட்டத்துக்கு அங்கே இடமே இல்லை. அங்கே செய்ய வேண்டியது, கட்டுகிற இடம் வாதுக்கு நன்றாக மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வெட்டுவதற்கு முன்பே கயிற்றை இழுத்து இறுக்கி, விழவே விடாமல் தொங்கவிட்டு, பக்கவாட்டில் இன்னொரு கயிற்றால் கூரையை விட்டு வெளியே இழுத்துக்கொண்டு இறக்குவது. போர்ட்டா-ராப் இழுக்கும் கருவி இல்லை, விடும் கருவி மட்டும்தான். முன்னிழுவை வேண்டுமானால் கயிற்றை உருளையில் போடுவதற்கு முன் ஆட்கள் சேர்ந்து இழுக்க வேண்டும், இல்லையேல் பாய்மரப் படகில் இருக்கிற மாதிரி கைப்பிடிச் சுழற்சியோடு வருகிற ஜிஆர்சிஎஸ் போன்ற விலை உயர்ந்த கருவி வேண்டும். உங்கள் ஒரு மரத்துக்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

எடையை ஊகிக்கும்போது குறைத்து ஊகிப்பதுதான் மனித இயல்பு. பச்சை மரத்துக்குக் கன மீட்டருக்கு 1,000 கிலோ, அதாவது தண்ணீரின் எடை, என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள 2 மீட்டர் துண்டு சுமார் 63 கிலோ. 40 சென்டிமீட்டர் விட்டமானால் 250 கிலோ. விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்கு, இதை மட்டும் மனதில் வைத்திருந்தால் பாதி விபத்து நடக்காது. இது மொட்டைத் துண்டுக்குத்தான். இலையும் கொப்புமாக விரிந்த தூங்குமூஞ்சி வாதுக்கு இன்னும் கூடும். உங்கள் "200 கிலோ" கண்மதிப்பா, அளந்ததா? கண்மதிப்பென்றால் 400 என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருளையை விடக் கயிறுதான் எனக்குக் கவலை. நம் ஊர்க் கடைகளில் நைலான் கயிறு என்று கேட்டால் நீலத்திலும் மஞ்சளிலும் எடுத்துத் தருவது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அது சுமார் 165 டிகிரியில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகும். பாலியஸ்டர் 250 டிகிரி தாண்டித்தான் உருகும். 200 கிலோவை 6 மீட்டர் இறக்கினால் பிறக்கிற வெப்பம் ஒரு டம்ளர் தண்ணீரை 14 டிகிரி சூடாக்கப் போதும். கேட்கச் சின்னதாகத் தோன்றும். ஆனால் அந்த வெப்பத்தில் பெரும்பங்கு கயிறும் இரும்பும் உரசுகிற மெல்லிய பரப்பில், சில நொடிகளில் பிறக்கிறது. வேகமாக ஓடவிட்டால் பாலிபுரொப்பிலீன் கயிற்றின் மேல் இழை பளபளவென்று கெட்டியாகிவிடும். தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தக் கயிறு செத்துவிட்டது என்று அர்த்தம். நல்ல தரமான 12 மில்லிமீட்டர் பாலிபுரொப்பிலீன் கயிறு புதிதாக இருக்கும்போது சுமார் 2,000 கிலோவில் அறும். முடிச்சு, தேய்மானம், திடீர் இழுப்பு எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அறுபடும் பளுவில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலைப் பளுவாக எடுப்பது எங்கள் வழக்கம். அப்படியென்றால் 200 கிலோ. உங்கள் கிளை தொங்கினாலே வரம்பு தீர்ந்துவிட்டது. தென்னைநார்க் கயிறு உருகாது, ஆனால் உள்ளே மக்கியிருப்பது வெளியே தெரியாது. இந்த வேலைக்கு வேண்டியது இரட்டைப் பின்னல் பாலியஸ்டர் கயிறு. காசு உருளைக்கா கயிற்றுக்கா என்று ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், கயிற்றுக்குப் போடுங்கள். உருளையிலும் வேலைப் பளுவும் கயிற்றின் அதிகபட்சப் பருமனும் பொறித்திருக்க வேண்டும். பட்டறையில் குழாயை வெட்டிப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம்.

உருளையைக் கட்டும்போது பலர் விடுகிற பிழை ஒன்று உண்டு. ஸ்லிங்கால், அதாவது மரத்தைச் சுற்றிக் கட்டும் கட்டுக்கயிற்றால், தூரில் கட்டிய உருளை தரையைப் பார்த்துத் தொங்கும். பளு வந்ததும் கயிறு அதை மேலே இழுக்கும். ஸ்லிங்கில் ஒரு முழம் தளர்வு இருந்தால் உருளை அந்த ஒரு முழமும் எகிறும், கிளை அந்த அளவு கூடுதலாக விழும், பக்கத்தில் முகமோ கையோ இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் முதலிலேயே உருளையை மேல்நோக்கித் தள்ளி ஸ்லிங்கை இறுக்கிவிட்டுத்தான் கட்ட வேண்டும். கயிறு விடுபவர் கிளை இறங்கும் பக்கத்துக்கு எதிரே, தூரை விட்டு நாலைந்து எட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. மீதிக் கயிறு காலுக்குப் பின்னால் சிக்கலில்லாமல் கிடக்க வேண்டும், அதன் வளையத்துக்குள் கால் இருக்கக் கூடாது. தோல் கையுறை கட்டாயம், விரலில் மோதிரம் கூடாது. துண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சுற்றைக் கழற்றக் கூடாது.

எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உராய்வைக் கீழே வைப்பதா, மேலேயே வைப்பதா? கீழே வைத்தால் கிளைக்கும் உருளைக்கும் நடுவில் கயிற்றின் நீளம் அதிகம், அது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் கப்பிக்கு இரட்டைப் பளு. மேலே கவட்டையிலோ, கப்பிக்குப் பதிலாகக் கயிறு உரசி ஓடுகிற உராய்வு வளையத்திலோ ஒரு பகுதியைத் தாங்கவிட்டால் கீழே வரும் கயிற்றின் இழுப்பு குறையும், கட்டிய இடத்தின் மொத்தப் பளுவும் குறையும். ஆனால் நீண்டு கொடுக்கும் கயிறு குட்டையாகிவிடும். ஓட இடமிருந்து தண்டும் திடமாக இருந்தால் நான் கீழேதான் வைப்பேன். இலைக்கிளைகளை மெதுவாக இறக்கும்போது மேலே கொஞ்சம் உராய்வு இருப்பது நல்லது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் ஊர்க்காரர் கவட்டையில் போடுவேன் என்றது அந்த வகையில் மோசமில்லை, பட்டை கயிற்றைத் தின்னும் என்பதைத் தவிர.

இனி அந்தப் பொந்து. இதுவரை போட்ட 400, 800, 2,400 எல்லாம் நிற்கிற மரத்தின் மேல்தான் போய் உட்காருகின்றன. வெட்ட வேண்டும் என்ற அளவுக்குத் தூர் கெட்டுப்போன மரத்தையே தூணாக நம்பி அதிலேயே பளுவைத் தொங்கவிடுகிறோம். படத்தைப் பார்த்து எவ்வளவு திடம் மிச்சமிருக்கிறது என்று சொல்ல என்னால் முடியாது, நேரில் பார்த்தாலும் கூடுமானவரைதான் சொல்ல முடியும். ஒரு மரச்சுத்தியால் தூரைச் சுற்றித் தட்டச் சொல்லுங்கள். திடமான இடம் "டங்" என்று கெட்டியாகக் கேட்கும், பொந்து மத்தளம் மாதிரி கேட்கும். நீளமான இரும்புக் கம்பியைப் பொந்துக்குள் விட்டு எவ்வளவு ஆழம் போகிறதென்று பாருங்கள். தூரில் தட்டு மாதிரிக் காளான் முளைத்திருக்கிறதா, வாது பிரிகிற கவட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றளவில் பாதிக்கு மேல் மத்தளச் சத்தம் வந்தால், நான் அந்த மரத்தில் ஆளை ஏற்றவும் மாட்டேன், கப்பி கட்டவும் மாட்டேன். கிரேனையோ ஆளைத் தூக்கும் வண்டியையோ கொண்டுவந்து, பளுவை அதில் தாங்கவிட்டுத்தான் வெட்டுவேன். வண்டி வர வழியில்லையென்றால் கூரையின் அந்தப் பகுதி ஓடுகளை இறக்கி அடுக்கிவிட்டு, கையால் தூக்கிப் போடுகிற அளவுக்குச் சின்னச் சின்னக் கொப்பாகக் கழிக்கச் சொல்வேன், அதுவும் தனியாக நிற்கிற ஏணியிலிருந்தோ சாரத்திலிருந்தோதான். நாள் கூடும். ஓடு நாலு உடைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

தூர் திடமாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தால், உருளையோடு இறக்கலாம். அப்போதும் 200 கிலோவை ஒரே துண்டாக எடுக்க வேண்டிய அவசியம் என்ன? நுனியிலிருந்து 40, 50 கிலோவாகக் கழித்து வந்தால் கணக்கு எல்லாமே நாலில் ஒன்றாகிறது, பிழை நடந்தாலும் மரம் பொறுத்துக்கொள்ளும். பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. போகிறதென்றால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகுதான் கயிற்றையே வெளியே எடுக்க வேண்டும், ஈரக்கயிறு மின்சாரத்தைக் கடத்தும். வெட்டுகிறவரிடம் உருளையைக் கொடுத்தீர்களானால், உங்கள் மரத்திலேயே முதல்முதலாகப் பழகவிடாதீர்கள். எங்காவது வேப்பமரத்தில் ஒரு மணல் மூட்டையைக் கட்டி, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று அவரும் கயிறு விடும் ஆளும் ஒரு காலைப்பொழுது முழுக்க இறக்கிப் பார்க்கட்டும். தூரைத் தட்டிப் பார்த்தபோது என்ன சத்தம் வந்தது, கம்பி எவ்வளவு உள்ளே போனது, கவட்டை தரையிலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.